மேம்பாலம் ஏறும்போது நெஞ்செரிச்சல்: கேஸ் மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு வயது 46. சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். ஜனவரியில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். ஓடும்போது வாட்ச் இதயத்துடிப்பை 175 என்று காட்டுகிறது, ஓய்வில் 52. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு முன் முழங்கால் வலிக்காமல் இருக்க டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வேன். ஒரு மாதமாக மேம்பாலம் ஏறும்போது நெஞ்சு நடுவில் லேசாக எரிகிறது. கொஞ்சம் நடந்தால் போய்விடும். பிறகு ஓடினால் அவ்வளவாக வருவதில்லை. கேஸ் மாத்திரை எடுக்கிறேன். அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. ஓடும்போதே சரிந்து விழுந்தவர்களின் வீடியோக்களைப் பார்த்துத் தூக்கம் வருவதில்லை. என்னைப் போன்றவர்கள் உடல்தகுதிக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: நாளைக் காலை ஓடாதீர்கள். இரண்டு நாளுக்குள் ஓர் இதய நோய் மருத்துவரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மூட்டையும் வாட்ச்சையும் முன்னால் எழுதிவிட்டு, எழுத வேண்டியதைக் கடைசியில், அதுவும் ‘லேசாக’ என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். மேடு ஏறினால் வருகிறது, நடந்தால் போகிறது. இப்படி வரும் நெஞ்செரிச்சலை, பரிசோதித்து இல்லை என்று உறுதியாகும் வரை, இதயவலி என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஆஞ்சைனா என்பது இதுதான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால் சமதரையில் ஓடத் தேவையான ரத்தம் எப்படியோ போய்ச் சேரும். மேடு ஏறும்போது தேவை கூடுகிறது, குழாயால் கொடுக்க முடிவதில்லை. அந்தப் பற்றாக்குறை பலருக்கு வலியாகத் தெரியாது. எரிச்சலாக, இறுக்கமாக, பாரமாக, சிலருக்குத் தாடையிலோ தொண்டையிலோ ஓர் உளைச்சலாகத்தான் தெரியும்.

வாயுத் தொல்லைக்கு மேம்பாலம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது சாப்பாட்டை ஒட்டி வரும், படுத்தால் கூடும். உங்கள் எரிச்சல் உழைப்பை ஒட்டி வருகிறது. கேஸ் மாத்திரை கேட்கிறதே என்பீர்கள். நின்றாலே இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும் எரிச்சல் அது. பெயர் மாத்திரைக்குப் போகிறது.

பிறகு ஓடினால் அவ்வளவாக வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஓட்டக்காரர்கள் ஏமாறும் இடம் அது. முதல் தடவை எரிச்சல் வந்து அடங்கிய பிறகு, இதயத் தசை அந்தப் பற்றாக்குறைக்குத் தற்காலிகமாக ஈடுகொடுக்கப் பழகிக்கொள்ளும். அடுத்த சில கிலோமீட்டர் சுகமாகப் போகும். இதற்கு ‘வார்ம்-அப் ஆஞ்சைனா’ என்றே பெயர் உண்டு. உடம்பு சூடானதும் சரியாகிவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டுகிறார்கள். அடைப்பு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கும்.

ஓட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி அமெரிக்காவில் ஏராளமானோரை ஓட வைத்தவர் ஜிம் ஃபிக்ஸ். 1984-இல் வெர்மான்ட் மாநிலத்தில் வழக்கமான ஓட்டத்தின்போது மாரடைப்பு வந்து இறந்தார்; வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்களில் பெரிய அடைப்புகள் இருந்தன. அவருடைய அப்பாவுக்கு 35 வயதிலேயே மாரடைப்பு வந்து, 43 வயதில் இறந்துபோனார். ஓட்டம் எத்தனையோ நன்மை செய்யும், ஆனால் பரம்பரையை அழித்துவிடாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதை ஓர் ஆபத்துக் காரணியாகவே நாங்கள் குறித்துக்கொள்வோம். உங்கள் அப்பாவுக்கு வந்தது 51-இல்.

மருத்துவரிடம் போய் ‘நெஞ்செரிச்சல்’ என்று மட்டும் சொன்னால் இன்னொரு கேஸ் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். ‘மேடு ஏறி ஓடினால் வருகிறது, நடந்தால் போகிறது, ஒரு மாதமாகத்தான் இருக்கிறது, அப்பாவுக்கு 51-இல் மாரடைப்பு’ என்று இதே வரிசையில் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. நார்மலாக வந்தால் அதோடு கிளம்பிவிடாதீர்கள். ஓய்வில் இருக்கும்போது எடுத்தால் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, சி.டி. ஆஞ்சியோ இவற்றில் எது வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். தள்ளுபடி பேக்கேஜ் என்று நீங்களாகப் போய் டிரெட்மில்லில் ஏற வேண்டாம். சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் மூன்றும் பார்த்தாக வேண்டும்.

அதற்குள் ஓய்வில் இருக்கும்போதே எரிச்சல் வந்தாலோ, நின்ற பிறகும் அடங்காமல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்ததென்று நாக்குக்கு அடியில் எந்த மாத்திரையையும் வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி நிலைமை மோசமாகலாம்.

டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள். ஓடும்போது உடம்பு ரத்தத்தைத் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. சென்னை வெக்கையில் வியர்வையாக நீரும் போகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைத் திறந்து வைக்கும் ரசாயனத்தைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. போதாக்குறைக்கு, இதயத்தில் கோளாறு இருப்பவர்களுக்கு மாரடைப்பு அபாயத்தையும் கூட்டக்கூடியது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் அது மிட்டாய் ஆகிவிடாது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் இருக்கும் முழங்கால், ஓட வேண்டாம் என்று சொல்லும் முழங்கால்.

மூட்டுத் தேய்மானம் பற்றிய பயத்தை விடுங்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, உட்கார்ந்தே இருப்பவர்களைவிட இடுப்பு, முழங்கால் தேய்மானம் குறைவாகவே காணப்படுகிறது. உங்கள் வலி பெரும்பாலும் தூரத்தை அவசரமாகக் கூட்டியதாலும் தொடை, இடுப்புத் தசைகள் பலமில்லாததாலும் வருவது. வீக்கமோ, மடக்க முடியாமல் சிக்கிக்கொள்வதோ இருந்தால் மட்டும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓய்வில் 52 என்பது ஓடிப் பழகியவருக்கு இயல்பு. அந்த 175 உங்கள் துடிப்பே இல்லாமலும் இருக்கலாம். நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைக்கும் ஓட்டத்தில், கை அசையும் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடுவது மணிக்கட்டில் கட்டும் வாட்ச்சுகளுக்கு வழக்கம். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் குத்துமதிப்பானது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசப்படும்.

வீடியோக்களைப் பற்றி ஒன்று. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1.09 கோடி பேரைக் கணக்கெடுத்தார்கள். இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. யாரோ விழுந்ததைப் பார்த்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. அந்தத் தூக்கத்தைக் கெடுத்த அக்கறையில் பாதியை உங்கள் சொந்த நெஞ்சு சொல்வதற்குக் கொடுத்திருந்தால் போன மாதமே மருத்துவரிடம் போயிருப்பீர்கள்.

இதய மருத்துவர் பார்த்து, ஓடலாம் என்று சொன்ன பிறகு: பெரும்பாலான நாட்களில், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். மூச்சு வாங்கும் ஓட்டம் வாரத்தில் ஒரு நாள் போதும். இரண்டு நாள் ஸ்குவாட், படியேற்றம் போன்ற தசைப் பயிற்சி செய்யுங்கள். முழங்காலுக்கு மருந்து அதுதான். தாகம் எடுத்தால் குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து: 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. காய்ச்சல் இருக்கும் நாளில் ஓடவே ஓடாதீர்கள்.

ஜனவரிப் போட்டி இந்த முறை வேண்டாம். ஓட்டக் குழுவில் சேர்ந்துதான் ஓடுகிறீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று இன்றே சொல்லிவிடுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதே மேம்பாலத்தில் அதே எரிச்சலோடு, கேஸ் மாத்திரையை நம்பிக்கொண்டு இன்னொருவரும் ஏறிக்கொண்டிருக்கலாம்.