மூலக்கூறு காந்தங்களில் அணுக்கரு ஸ்பின் வெறும் தொல்லைதானா?

கேள்வி: "எம்எஸ்சி வேதியியல் முடித்திருக்கிறேன். மூலக்கூறு காந்தங்களில் பிஎச்டி செய்ய ஆசை. ஆனால் டனலிங்கும் அணுக்கரு ஸ்பின்னால் வரும் டிகோஹெரன்ஸும் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும், அதில் எதிர்காலம் இல்லை என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?"

இதே வார்த்தைகளை ஒரு கருத்தரங்க அறையில் என் முகத்துக்கு நேராகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு: மூலக்கூறு காந்தம் என்றால் ஒற்றை மூலக்கூறே குட்டிக் காந்தமாக நடந்துகொள்வது; அதைக் குவாண்டம் கணினிக்குப் பயன்படுத்தலாமா என்பதுதான் துறையின் ஆசை. ஸ்பின் என்பது எலக்ட்ரானுக்கும் பல அணுக்கருக்களுக்கும் உள்ள சின்னக் காந்தத்தன்மை, டிகோஹெரன்ஸ் என்பது குவாண்டம் நிலை குலைவது. டனலிங் என்ன என்று கீழே வரும்.

நீங்கள் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் படித்துவிட்டு, நெட் தேர்வும் எழுதிவிட்டு, பெங்களூருவில் எந்த ஆய்வகத்தில் சேரலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தூத்துக்குடியிலிருந்து பெட்டியோடு யஷ்வந்த்பூரில் வந்து இறங்கினேன். பிஎச்டி முடித்து, இப்போது இதே ஊரில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். துறையை விட்டு வந்தவள் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அந்தப் படிகங்களை என் கையால் வளர்த்திருக்கிறேன் என்பதுதான் பதில்.

என் முதல் மூலக்கூறு மாங்கனீசு பன்னிரண்டு அசிடேட். இதை 1980-லேயே லிஸ் என்ற போலந்து வேதியியலாளர் செய்து எழுதிவிட்டார். மாங்கனீசு அசிடேட்டை நீர் கலந்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஊதா நிறம் விழுந்த இடத்திலேயே மறைந்து கரைசல் கரும்பழுப்பாகிவிடும். கலக்கியதும் மூடி வைத்துவிட்டுத் தொடாமல் இருக்க வேண்டும். சில நாளில் பீக்கரின் அடியில் கறுப்பாக, பளபளவென்று, ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்திருக்கும். ஒவ்வொரு மூலக்கூறிலும் பன்னிரண்டு மாங்கனீசு அயனிகள் சேர்ந்து மொத்த ஸ்பின் 10 என்று நிற்கும். ஊசியின் நீளவாட்டம் எதுவோ அதுதான் காந்தம் விரும்பும் திசை. படிகத்தைப் பிடித்துப் பார்த்தாலே மூலக்கூறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும். எனக்கு அது இன்றைக்கும் பெரிய விஷயம்.

இந்த மூலக்கூறு தனியாகவே காந்த நினைவு வைத்திருக்கும் என்று 1993-ல் இத்தாலியில் செசோலி, கட்டெஸ்கி குழுவினர் காட்டினார்கள். 2 கெல்வினில் அந்த நினைவு மாதக்கணக்கில் தங்குகிறது. 'மேல்' நிலையிலிருந்து 'கீழ்' நிலைக்குப் போக ஏறக்குறைய 65 கெல்வின் அளவுக்கு ஆற்றல் தடை இருக்கிறது. 1996-ல் நியூயார்க்கில் சாராசிக், ஃப்ரீட்மன் குழுவும், கிரெனோபிளில் இன்னொரு குழுவும் இதன் தயக்கக் கண்ணியில் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாதல் வரையும் வளைவில்) படிகளைக் கண்டுபிடித்தார்கள். காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே போனால் சுமார் 0.45 டெஸ்லாவுக்கு ஒருமுறை காந்தமாதல் சட்டென்று சரிகிறது. அந்தப் புலங்களில் தடையின் இந்தப் பக்கத்து ஆற்றல் மட்டமும் அந்தப் பக்கத்து மட்டமும் ஒன்றுக்கொன்று சமமாகின்றன. அப்போது ஸ்பின் தடையை முழுவதும் ஏறாமல் ஊடே போய்விடுகிறது. அதுதான் டனலிங்.

(2 கெல்வினில் நடப்பது சுத்தமான டனலிங் இல்லை, வெப்பம் பாதித் தூரம் தூக்கிவிட்ட பிறகு நடக்கும் டனலிங் என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். வெப்பத்தின் உதவியே இல்லாத டனலிங்கைத் தெளிவாகப் பார்க்க இரும்பு எட்டு மூலக்கூறுக்குப் போக வேண்டும். அதில் சுமார் 0.4 கெல்வினுக்குக் கீழே வேகம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதே இல்லை.)

காந்தமாதலை அளக்கும் எங்கள் ஸ்க்விட் கருவி இயற்பியல் கட்டடத்தில் இருந்தது. அளக்க வேண்டிய படிகத்தைக் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டி, ஜூஸ் கடை ஸ்ட்ராவுக்குள் செருகித்தான் உள்ளே இறக்குவோம். கோடிக்கணக்கில் விலை வைத்த கருவிக்குள் போவது பிளாஸ்டிக் ஸ்ட்ரா. அதை இயக்கிய பையன் கரூர்க்காரன், எனக்கு ஜூனியர். இரவெல்லாம் புலத்தை மெதுவாக மாற்ற விட்டுவிட்டு நான் விடுதிக்குப் போய்விட்டேன். விடியற்காலையில் போன். "அக்கா, படி விழுந்திருக்கு, வாங்க." ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினேன். திரையில் வளைவு ஒரு இடத்தில் தட்டையாகப் போய், டக்கென்று இறங்கி, மறுபடி தட்டையாகி, மறுபடி இறங்கியிருந்தது. உலகம் எப்போதோ பார்த்துவிட்ட படிகள்தான். ஆனாலும் என் பீக்கரில் வளர்ந்த ஊசியில் விழுந்த படிகள்.

சரி, அணுக்கருவுக்கு வருகிறேன். உங்கள் சீனியர்கள் விட்டுவிட்ட பகுதி இதுதான்.

இரும்பு எட்டில் டனலிங் நடக்க இரண்டு பக்க மட்டங்களும் பொருந்த வேண்டிய துல்லியம் கெல்வினில் கோடியில் ஒரு பங்கு. பக்கத்து மூலக்கூறுகளின் காந்தப்புலம் மட்டுமே அதைவிடப் பல லட்சம் மடங்கு பெரிய அளவுக்கு மட்டங்களை விலக்கி வைத்திருக்கிறது. கணக்குப்படி ஏறக்குறைய எந்த மூலக்கூறுமே டனலிங் செய்யக் கூடாது. ஆனால் செய்கிறது. 1998-ல் புரோகோஃபியேவும் ஸ்டாம்பும் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். மூலக்கூறைச் சுற்றி ஹைட்ரஜன், நைட்ரஜன், புரோமின் என்று ஏராளமான அணுக்கருக்கள் இருக்கின்றன. அவற்றின் ஸ்பின்கள் ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால் மூலக்கூறு உணரும் புலமும் ஓயாமல் ஆடுகிறது. படகுத்துறையில் அருகருகே கட்டிய இரண்டு படகுகளை அலை தூக்கித் தூக்கிப் போடும்போது ஒரு கணம் இரண்டின் விளிம்பும் சமமாகும், அந்தக் கணத்தில்தான் ஆள் இதிலிருந்து அதற்குக் கால் மாற்ற முடியும். அணுக்கருக்கள் செய்வது அந்த அலையின் வேலை.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2000-த்தில் வெர்ன்ஸ்டோர்ஃபர் குழு இரும்பு எட்டில் ஐசோடோப்பை மட்டும் மாற்றியது. இயற்கை இரும்பில் பெரும்பகுதி இரும்பு-56, அதற்கு அணுக்கரு ஸ்பின் கிடையாது. ஸ்பின் உள்ள இரும்பு-57 போட்டபோது டனலிங் வேகம் கூடியது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான, அணுக்கருக் காந்தம் பலவீனமான ஐசோடோப்பான டியூட்டீரியம் போட்டபோது வேகம் குறைந்தது. வேதியியல் அமைப்பு அப்படியேதான் இருந்தது. டனலிங்குக்கு அணுக்கரு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மூலக்கூறின் சமச்சீர், குறுக்குக் காந்தப்புலம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. வெறும் தொல்லை என்று ஒதுக்க முடியாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

என் சொந்த வேலை இதற்கு அடுத்த கட்டம். ஒரு செம்புச் சேர்மத்தை எடுத்து, ஈனியில் (உலோகத்தைச் சுற்றிப் பிணைந்திருக்கும் பகுதியில்) இருந்த ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக டியூட்டீரியம் வைத்துச் செய்தேன். அதைக் காந்தமில்லாத துத்தநாகச் சேர்மத்துக்குள் மிகக் குறைவாகக் கலந்து, மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதபடி தள்ளி வைத்தேன். இதைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேசும்போதுதான் முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த ஆசிரியர் எழுந்து, அணுக்கரு ஸ்பின் என்பது இரைச்சல், அதைக் குறைக்க இவ்வளவு விலைக்கு டியூட்டீரியம் கரைப்பான் வாங்குவது பணத்தைக் கொட்டுவது, மூலக்கூறு காந்தங்களுக்கு எதிர்காலமே இல்லை என்றார். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அதில் எக்கோ வளைவுகள் இருந்தன.

எலக்ட்ரான் ஸ்பின்னை மைக்ரோ அலையால் ஆராயும் துடிப்பு இபிஆர் கருவியில் இரண்டு மைக்ரோ அலைத் துடிப்புகள் கொடுத்தால் எலக்ட்ரான் ஸ்பின்கள் கலைந்து, மறுபடி கூடி, ஒரு எக்கோவைத் திருப்பித் தரும். இரண்டு துடிப்புகளுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டக் கூட்ட எக்கோ தேயும். எவ்வளவு மெதுவாகத் தேய்கிறதோ அவ்வளவு நேரம் குவாண்டம் நிலை குலையாமல் நிற்கிறது. ஹைட்ரஜன் உள்ள மாதிரியில் அந்தத் தேயும் வளைவின் மேல் நெருக்கமாகச் சிற்றலைகள் இருந்தன, 0.35 டெஸ்லாவில் நொடிக்கு சுமார் ஒன்றரைக் கோடி தடவை என்ற கணக்கில். அது புரோட்டானின் சொந்த அதிர்வெண். டியூட்டீரியம் வைத்த மாதிரியில் நெருக்கமான அலைகள் போய், நொடிக்கு இருபத்து மூன்று லட்சம் என்ற அளவில் அகலமான, ஆழமான அலைகள் வந்திருந்தன. வளைவும் நன்றாக நீண்டிருந்தது. எந்த அணுக்கரு பக்கத்தில் இருக்கிறது என்பதை வளைவே எழுதிக் காட்டுகிறது. இரைச்சலாக இருந்தால் இப்படிப் பெயர் சொல்லுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார்.

இது என் ஆய்வகக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர் குழுக்கள் 2007-ல் குரோமியம் ஏழு நிக்கல் வளையத்தில் டியூட்டீரியம் வைத்து, குவாண்டம் நிலை குலையாமல் நிற்கும், ஒரு மைக்ரோ நொடியைக்கூட எட்டாத நேரத்தை 3.8 மைக்ரோ நொடி வரை கொண்டு போனார்கள். 2015-ல் டானா ஃப்ரீட்மன் குழு (முன்பு சொன்ன நியூயார்க் ஃப்ரீட்மன் வேறு) கார்பனும் கந்தகமும் மட்டுமே உள்ள ஈனிகளை வனேடியத்தைச் சுற்றி வைத்து, கரைப்பானாகக் கார்பன் டைசல்ஃபைடையே பயன்படுத்தி, ஏறக்குறைய 0.7 மில்லி நொடியைத் தொட்டது. அதே குழு 2017-ல் இன்னொன்றைக் காட்டியது: உலோகத்துக்கு மிக அருகில், நான்கு ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும் ஹைட்ரஜன் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. எலக்ட்ரானின் புலம் அதை மற்ற ஹைட்ரஜன்களோடு ஒத்துப் புரள விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் தள்ளி இருப்பவைதான் தங்களுக்குள் மாறி மாறிப் புரண்டு நிலையைக் குலைக்கின்றன. எந்த ஹைட்ரஜனை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது ஆக மொத்தத்தில் தொகுப்பு வேதியியலாளரின் முடிவு. இதைவிட எதிர்காலம் உள்ள வேலை வேறென்ன வேண்டும்?

அணுக்கருவையே பயன்படுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். டெர்பியம் தாலோசயனின் மூலக்கூறில் டெர்பியத்தின் அணுக்கரு ஸ்பின் 3/2, அதற்கு நான்கு நிலைகள். 2012-ல் கிரெனோபிளில் ஒற்றை மூலக்கூறை டிரான்சிஸ்டருக்குள் வைத்து, டனலிங் எந்தப் புலத்தில் நடக்கிறது என்பதை வைத்தே அந்த நான்கில் எது என்று படித்தார்கள். 2017-ல் அதே அணுக்கரு நிலைகளில் குரோவர் தேடல் என்ற குவாண்டம் கணினி வழிமுறையையே ஓட்டிவிட்டார்கள். ஹோல்மியம் டங்ஸ்டேட் மூலக்கூறில் மூலக்கூறின் அமைப்பு தரும் டனலிங் இடைவெளியும் ஹோல்மியத்தின் அணுக்கரு தரும் பிளவுகளும் சேர்ந்து, காந்தப்புலம் லேசாக ஆடினாலும் அதிர்வெண் அசையாத சில இடங்கள் கிடைக்கின்றன. 2016-ல் அங்கே நிறுத்தி 5 கெல்வினில் 8.4 மைக்ரோ நொடி வரை நிலை குலையாமல் நிற்க வைத்தார்கள். எதிர்காலம் இல்லை என்று சொல்லப்பட்ட துறையில் நடந்தவை இவை.

நாளைக்கே மேசை மேல் குவாண்டம் கணினி வந்துவிடும் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். அதிகுளிர் இன்னும் தேவை, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டுப்பாட்டோடு இணைப்பது இன்னும் கஷ்டம். பிஎச்டி செய்யத் தகுந்த துறையா என்றால், ஆமாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். வேதியியலிலிருந்து இந்தத் துறைக்குப் போனால் உங்களை 'சாம்பிள் கொடுக்கிற ஆள்' என்றே நடத்துவார்கள். டியூட்டீரியம் வைத்த ஈனியைச் செய்ய எத்தனை படிநிலைகள், கடைசிப் படியில் எவ்வளவு வீணாகும், படிகம் தாய்க்கரைசலிலிருந்து எடுத்ததும் கரைப்பானை இழந்து எப்படிப் பொடிந்துபோகும், இதெல்லாம் அளக்கிறவர்களுக்குத் தெரியாது. குப்பியில் வந்தால் போதும். என் படிகத்தை வைத்து வெளியூர்க் குழு ஒன்று எடுத்த அளவீடு கட்டுரையாக வந்தபோது என் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில், மாதிரி தந்து உதவியதற்காக என்று ஒரு வரி. என் வழிகாட்டி, "விடும்மா, உறவு கெட்டுப்போகும்" என்றார். அந்த உறவால் அவருக்கு அடுத்த திட்டம் கிடைத்தது. எனக்கு வேலைக்கான நேர்காணலில் ஒரு கட்டுரை குறைந்தது. இன்றுவரை அந்தக் கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பெண் ஆராய்ச்சியாளர்களுக்கு இது கூடுதலாக நடக்கிறது என்பது நான் பார்த்தது. இல்லை என்பவர்கள் தங்கள் அனுபவத்தைத் தனிப் பதிலாக எழுதட்டும்.

ஆய்வகம் பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள். ஸ்க்விட்டும் துடிப்பு இபிஆரும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, வாரத்தில் எத்தனை இரவு மாணவர்களுக்குக் கிடைக்கும். ஹீலியத்தை மீட்டுத் திரவமாக்கும் வசதி உண்டா, இல்லையென்றால் பாதி வருஷம் கருவி சும்மா நிற்கும். அப்புறம், படிகம் செய்தவருக்குக் கட்டுரையில் எந்த இடம் என்று பழைய மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள், வழிகாட்டி முன்னால் கேட்காதீர்கள். சேர்ந்த பிறகு வெளியே யாருக்காவது மாதிரி கொடுப்பதாக இருந்தால், குப்பியைக் கொடுக்கும் முன்பே ஆசிரியர் பட்டியல் பற்றி மின்னஞ்சலில் எழுதி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூலக்கூறை யோசித்திருக்கிறீர்கள் என்று கருத்துப் பெட்டியில் சொன்னால், அதில் எந்த ஹைட்ரஜன் தொல்லை தரும் என்று சேர்ந்து பார்க்கலாம்.