மூன்று சுழி எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் குடியிருப்பு விழா அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில் தடித்த ஃபியூச்சுரா எழுத்து. வட்டமும் நேர்கோடுமாக எவ்வளவு நவீனமாக இருக்கிறது! நம் இதழின் தலைப்புகளையும் அப்படி மாற்றினால் என்ன?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: நவீனமா? எழுத்து வடிவமைப்பாளர் பால் ரென்னர் அதை ஜெர்மனியில் வெளியிட்டது 1927இல். பெரிய எழுத்துகளின் அகல விகிதத்தை அவர் ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டார். 1933இல் நாஜிகள் அவரைக் கைது செய்து, வேலையையும் பறித்தார்கள். 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த பலகையில் இருப்பது அவருடைய எழுத்துதான். எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது.

ஆனால் அதை வெறும் காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்ததாக எண்ணிவிடாதீர்கள். படுக்கைக் கோடு நிற்கும் கோட்டைவிடச் சற்று மெலிந்திருக்கும். வளைவு நிற்கும் கோட்டோடு சேரும் இடமும் மெலியும். இல்லையென்றால் அந்த மூலை மை அப்பியதுபோல் தெரியும். தடிப்பு கூடக் கூட இந்தக் கவனமும் கூட வேண்டும்.

தமிழில் நம் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். 'ட'வுக்கு இரண்டு கோடு, 'ப'வுக்கு மூன்று. எவ்வளவு தடித்தாலும் தாங்கும். 'ண' தாங்குமா? போன தை மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தது. மெல்லிய எழுத்தைக் கணினியில் அப்படியே ஊதித் தடிப்பாக்கியிருந்தார்கள். மூன்று சுழியும் அடைபட்டு, 'ண' இருந்த இடத்தில் கறுப்பு உளுந்து ஒன்று கிடந்தது. மணமகன் மனமகனா என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்து தமிழ் எழுத்தே அல்ல. இதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

'ண'வுக்கு இடத்தைத் தாராளமாக விட்டு, உள்கோடுகளை மெலித்து, தடித்த எழுத்தைத் தனியாகவே வரைய வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் 'கேட்டமரன்' எழுத்தை ஒன்பது தடிமன்களில் தந்திருக்கிறார். நம் மும்பையின் ஏக் டைப் குழுவினருடைய 'பாலூ தம்பி' நல்ல கொழுத்த தமிழ் எழுத்து. இரண்டும் இலவசம். பிறகு ஏன் ஊத வேண்டும்?

வட்டமும் கோடும் புதிதென்றால், மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்துப் பாறையைப் பாருங்கள். அங்குள்ள தமிழ் பிராமியில், அதாவது பழந்தமிழ் எழுத்தில், 'க' என்பது வெறும் கூட்டல் குறி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே உளி பிடித்தவனுக்கு அது கைவந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் போரிவலியில் இறங்கிக் கன்ஹேரிக் குகைகளுக்குப் போகலாம். அங்கேயும் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

தலைப்புகளை மாற்றச் சம்மதம். நாலைந்து சொல்லுக்குத் தடித்த எழுத்து எடுப்பாக இருக்கும். கட்டுரைக்குள் விடமாட்டேன், பத்து வரியில் கண் களைத்துவிடும். அடுத்த இதழுக்கு முன் 'கண்ணாடி', 'அண்ணன்', 'ஞானம்' மூன்றையும் அச்சடித்துக் கைநீட்டுத் தூரத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். சுழிகள் தெரிந்தால் மாற்றிவிடுகிறேன்.