'சம்மதம்' அழுத்திவிட்டால் எல்லாம் போச்சா?

கேள்வி: ஆன்லைனில் 650 ரூபாய்க்கு விண்டோஸ் கீ (அதை இயங்கவைக்கும் எழுத்து, எண் தொடர்) வாங்கி லேப்டாப்பில் போட்டேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது 'ஆக்டிவேட் செய்யவும்' என்று திரையின் மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. விற்றவரைக் கேட்டால், "லைசென்ஸ் விதிகளுக்குச் சம்மதம் கொடுத்தது நீங்கள்தானே?" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சாமர்த்தியமான பேச்சு. நீங்கள் சம்மதம் அழுத்தியது மைக்ரோசாஃப்டின் விதிகளுக்கு. காசு கொடுத்தது இவருக்கு. அந்த விதிகளைக் காட்டி இவர் கழன்றுகொள்ள முடியாது.

முதலில் அது என்ன வகை கீ என்று பாருங்கள். தனியாக விலைக்கு வாங்கும் ரீடெயில் லைசென்ஸை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். மெஷினோடு வரும் ஓ.இ.எம். லைசென்ஸ் அந்த மெஷினோடே போய்விடும். மூன்றாவது, நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்துக்கு மொத்தமாக எடுக்கும் வால்யூம் லைசென்ஸ். அதிலிருந்து ஒரு கீயை உருவித் தனி ஆளுக்கு விற்க அந்த விதிகளில் இடமில்லை. அறுநூறு எழுநூறுக்கு வருபவை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்.எல்.எம்.ஜி.ஆர். எழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி டி.எல்.ஐ., அப்புறம் என்டர். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் 'வால்யூம்' என்று தென்பட்டால் உடனே படம் எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

'மென்பொருள் பொருளே இல்லை, வெறும் அனுமதிதான்' என்றும் சிலர் வாதாடுவார்கள். பாக்கெட்டில் போட்டு விற்கும் மென்பொருளும் சரக்குதான் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் சொல்லிவிட்டது. அது விற்பனை வரி வழக்கு என்றாலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

புகாரை அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு மாதத்தில் தீர்வு. நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 650 ரூபாய்க்குக் கேஸா என்று வீட்டில் சிரிப்பார்கள். பாதிப் பேர் நோட்டீஸ் போனதுமே பணத்தை அனுப்பிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி: கும்பகோணத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும், உதவிக்கு ஒரு பையன். 'ஆயுசுக்கும் ஒரே பணம்' என்று சொன்னதால் 18,000 கொடுத்து பில்லிங் மென்பொருள் வாங்கினேன். போன மாதம் திடீரென்று ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். கட்டாவிட்டால் பழைய கணக்கைக்கூடத் திறக்க முடியவில்லை. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று அவர்கள் லைசென்ஸில் இருக்கிறதாம்.

பதில்: அவர்கள் வக்கீல் முதலில் எழுப்பப்போவது, 'கடைக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை' என்ற ஆட்சேபம். வணிகத்துக்கு வாங்கியதைச் சட்டம் விலக்குகிறது, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க, தானே பயன்படுத்த வாங்கினால் அந்த விலக்கு பொருந்தாது. லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் டைப்ரைட்டரை உதாரணம் காட்டி இதை விளக்கியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர் நுகர்வோர்தான் என்றும் சொன்னது. உங்கள் பையன் அதற்குள் அடங்கிவிடுவான். நாலைந்து கிளை, சம்பளத்துக்கு ஆள் என்றிருந்தால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

அடுத்தது, எங்கே போவது. காரணமில்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறிப்பதையும் வாங்கியவர் தலையில் அநியாய நிபந்தனையைக் கட்டுவதையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் தஞ்சாவூரில் போட்டுவிட்டு அலைபவர்கள் உண்டு. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். லைசென்ஸ் வரிகளோடு மல்லுக்கட்டாமல், 'ஆயுசுக்கும் என்று விற்றார்கள், நிறுத்திவிட்டார்கள்' என்று சேவைக் குறைபாடாக எழுதினால் மாவட்ட ஆணையமே போதும். அவர்கள் கொடுத்த விளம்பரத் தாள், பில், டீலர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் இணையுங்கள். கணக்கு விவரங்களை உடனே திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் தேதி காத்திருக்காது.

கேள்வி: 'தகராறு வந்தால் கலிஃபோர்னியா நீதிமன்றம்' என்று லைசென்ஸில் இருந்தால் இங்கே கேஸ் போட முடியாதா?

பதில்: போடலாம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்ற வரி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சிக்கல் பணத்தை வசூலிப்பதில்தான். பில்லை எடுத்துப் பாருங்கள். இந்தியக் கம்பெனியின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால் கவலையில்லை. வெளிநாட்டு முகவரி மட்டும் என்றால், ஜெயித்தாலும் உத்தரவு கையில் இருக்கும், காசு வருவது கஷ்டம்.

கேள்வி: வாங்கிய மென்பொருளை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்தால் குற்றமா? 'நகல் எடுக்கக் கூடாது' என்று போட்டிருக்கிறார்கள்.

பதில்: முறையாக வாங்கியவர், மூல மென்பொருள் அழிந்துபோனால் உதவட்டும் என்று காப்பு நகல் எடுத்து வைப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவே அனுமதிக்கிறது. எடுத்து வையுங்கள். மைத்துனர் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.