எந்த ஹெட்ஃபோனுக்கு எந்த ஆம்ப்? கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஹெட்ஃபோனின் மாடலையும், இப்போது அதை எதில் செருகிக் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் "நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சொல்லுங்க" என்றால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்பீக்கர், கார் ஆடியோ எனக்குத் தெரியாத ஏரியா.

கோவை: என்னிடம் சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது, 300 ஓம். ஆப்பிள் டாங்கிளில் (ஃபோனில் செருகுகிற சின்ன ஹெட்ஃபோன் இணைப்பான்) கேட்கிறேன். தனி ஆம்ப் இல்லாமல் இதை வாங்கினது தண்டம் என்கிறார்கள் நண்பர்கள்.

தண்டம் இல்லை. ஓம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "இதை ஓட்டுவது கஷ்டம்" என்று தீர்ப்புச் சொல்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் மூடநம்பிக்கை. இம்பிடன்ஸோடு (ஓமில் சொல்கிற மின்தடை) சென்சிட்டிவிட்டியையும் (ஒரு மில்லிவாட்டுக்கு எவ்வளவு சத்தம்) பார்க்க வேண்டும். எச்டி 600 ஒரு மில்லிவாட்டுக்குச் சுமார் 97 டெசிபெல் தருகிறது. இசை உச்சத்தைத் தொடும் கணங்களுக்கு 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 13 டெசிபெல் கூட வேண்டுமென்றால் 20 மடங்கு பவர், அதாவது 20 மில்லிவாட். 300 ஓமில் அது சுமார் 2.45 வோல்ட், 8 மில்லிஆம்பியர். கரண்ட் ஒன்றுமே இல்லை, வோல்டேஜ்தான் கொஞ்சம் வேண்டும்.

உங்கள் டாங்கிள் தருவது சுமார் 1 வோல்ட் (ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி). அதில் 102 டெசிபெல் வரை வரும். இப்போதைய சினிமாப் பாட்டுகளை ஏற்கெனவே அழுத்திச் சத்தமாகத்தான் பதிவு செய்கிறார்கள், அதற்கு இது தாராளம். பழைய கச்சேரிப் பதிவு, சிம்பொனி மாதிரி தாழ்ந்த லெவலில் பதிவானவற்றைக் கேட்கும்போது வால்யூமை முழுக்க ஏற்றியும் போதவில்லை என்று தோன்றினால், 3 அல்லது 4 வோல்ட் தருகிற எளிய ஆம்ப் ஒன்று வாங்குங்கள். அப்படித் தோன்றவில்லையென்றால் காசைக் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று. 110 என்று நான் எழுதுவது கண நேர உச்சத்தை மட்டும். சராசரி 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 90இல் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பெரிய ஆம்ப் வாங்குகிற பலரும் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

பெங்களூரு: ஹைஃபைமேன் சுஸ்வாரா வாங்கப் போகிறேன். ஃபோக்கல் யுடோப்பியாவுக்கு வைத்திருக்கும் சின்ன ஆம்ப் போதுமா? இரண்டுமே டாப் மாடல்தானே?

விலைக்கும் ஓட்டுகிற கஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இந்த ஜோடியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. யுடோப்பியா 80 ஓம், மில்லிவாட்டுக்கு 104 டெசிபெல். 110ஐத் தொட 4 மில்லிவாட் போதும், 0.6 வோல்ட்கூட ஆகாது. டாங்கிளே ஓட்டிவிடும். அதற்கு ஆம்பில் தேட வேண்டியது பவரை அல்ல, இரைச்சல் இல்லாத அமைதியை.

சுஸ்வாரா 60 ஓம், மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல். அதே 110க்கு 27 டெசிபெல் ஏற வேண்டும், அதாவது 500 மடங்கு. அரை வாட். சுமார் 5.5 வோல்ட், 90 மில்லிஆம்பியர். இங்கே வோல்டேஜும் வேண்டும், கரண்ட்டும் வேண்டும். இதே கம்பெனியின் பழைய எச்ஈ-6உம் இந்தச் சாதிதான். 50 ஓம், 83.5 டெசிபெல். அந்தக் காலத்தில் அதை வைத்திருந்தவர்கள் ஹெட்ஃபோன் ஆம்பை ஓரம் கட்டிவிட்டு ஸ்பீக்கர் ஆம்பிலேயே மாட்டிக் கேட்டார்கள். இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ஏகேஜி கே1000. மில்லிவாட்டுக்கு 74 டெசிபெல்தான். 110க்கு 4 வாட் கேட்கும்.

ஆகவே 60 ஓமில் குறைந்தது 2 வாட் தருகிற டெஸ்க்டாப் ஆம்ப் பாருங்கள். அரை வாட் கணக்குக்கு மேல் 6 டெசிபெல் கையிருப்பு. கவனிக்க: விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற "6 வாட்" எந்த ஓமில் என்று பாருங்கள். 16 ஓமில் எடுத்த எண் உங்களுக்கு எதற்கு?

ஸ்பீக்கர் ஆம்பில் மாட்டுகிற யோசனை இருந்தால் இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள்: இடது வலது இரண்டின் மைனஸையும் ஒன்று சேர்க்காதீர்கள். இப்போது வருகிற கிளாஸ் டி ஆம்ப் பலவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடுகிறது. சாதாரண மூன்று முனை ஜாக்கில் இணைத்தால் இரண்டும் முட்டிக்கொண்டு ஆம்ப் போய்விடும்.

திருச்சி: பேயர்டைனமிக் டிடி 990, 250 ஓமா 600 ஓமா?

600 ஓம் ஒசத்தி என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல். உச்சத்துக்கு 25 மில்லிவாட், கிட்டத்தட்ட 4 வோல்ட். லேப்டாப்பில் அது வராது. 250 வாங்குங்கள்.

கொழும்பு: ஆடீஸ் எல்சிடி-எக்ஸ் எடுத்தேன். வால்வில் (பழைய ரேடியோவில் இருக்கிற கண்ணாடிக் குழாய்) கேட்க ஆசைப்பட்டு ஓடிஎல் ஆம்ப் ஒன்றும் எடுத்தேன். வால்யூம் குமிழை மூன்று மணி முள் நிலைக்குத் திருப்பினாலும் உயிரில்லை, பேஸ் பிசிறுகிறது. ஆம்ப் பழுதா?

பழுதில்லை, பொருத்தம்தான் இல்லை. ஓடிஎல் என்றால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாதது. வால்வின் உள் தடை நேராக ஹெட்ஃபோனின் முன்னால் வந்து நிற்கும். இந்த வகை ஆம்ப்களில் அடிக்கடி பார்க்கிற 6080 வால்வு இசைக்காகப் பிறந்ததே இல்லை, பவர் சப்ளையில் வோல்டேஜைச் சீராக வைக்கச் செய்தது. நல்ல வால்வுதான். ஆனாலும் இவற்றின் அவுட்புட் இம்பிடன்ஸ் 100 ஓமைத் தாண்டுவது சகஜம்.

120 என்று வைத்துக்கொள்வோம். எல்சிடி-எக்ஸ் 20 ஓம். மொத்தம் 140இல் உங்கள் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது ஏழில் ஒரு பங்கு வோல்டேஜ், அதாவது 17 டெசிபெல் நஷ்டம். அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுகிறீர்கள். 20 ஓம் கேட்கிற கரண்ட்டைத் தர வால்வுக்குத் தெம்பில்லை. பிசிறுவது அதனால்தான்.

இதே ஆம்பில் எச்டி 600 அல்லது 650ஐ மாட்டினால் கதையே வேறு. 300 ஓமுக்கு வோல்டேஜ் போதும், கரண்ட் கொஞ்சம்தான் வேண்டும், அது இவனுக்கு லேசு. மேலும் அந்த ஹெட்ஃபோன்களின் இம்பிடன்ஸ் எல்லா சுருதியிலும் 300ஆக நிற்பதில்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500ஐத் தொடுகிறது. அங்கே மட்டும் பங்கு கூடக் கிடைப்பதால் பேஸ் சுமார் 1 டெசிபெல் ஏறும். "வால்வின் கதகதப்பு" என்று உருகுகிறார்களே, அதில் ஒரு பெரிய பங்கு இந்த ஒரு டெசிபெல்தான். உங்கள் எல்சிடி-எக்ஸ் பிளானர் வகை (தட்டையான மென்படலம் அதிர்வது), அதன் இம்பிடன்ஸ் நேர்கோடு. உங்களுக்கு அந்த ஏற்றமும் கிடையாது, நஷ்டம் மட்டும்தான்.

ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் ஹெட்ஃபோன் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பொது விதி. ஆனால் 1996இல் வந்த ஐஈசி 61938 என்ற சர்வதேசத் தரநிலை 120 ஓம் அவுட்புட்டைத்தான் பரிந்துரைத்தது. பழைய ரிசீவர்கள் பலவற்றிலும் (ரேடியோவோடு சேர்ந்த ஸ்டீரியோ ஆம்ப்) அவுட்புட் இம்பிடன்ஸ் உயரம்தான், அவற்றில் பெரிய ஓம் ஹெட்ஃபோன்கள் ஒழுங்காகப் பாடின.

ஆம்பைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் அதற்கென்று ஒரு எச்டி 600 வாங்குங்கள், அண்ணியிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம். ஒன்று: ஓடிஎல்லை ஆன் செய்யும்போது ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். சூடான பிறகு மாட்டுங்கள். ஆஃப் செய்த கையோடு மூடியைத் திறக்காதீர்கள், கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கிற வோல்டேஜ் நிற்கும்.

சேலம்: எச்டி 560எஸ்க்கு ஆம்ப் வேண்டுமா?

வேண்டாம். ஒரு வோல்ட்டில் 110 டெசிபெல் வருகிறது.

கோலாலம்பூர்: கதகதப்பு வெறும் ஒரு டெசிபெல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இருபது வருடமாக வால்வில் கேட்கிற காது பொய் சொல்லுமா? ஆம்புக்கு ஆம்ப் ஒலி மேடையே (எந்த வாத்தியம் எங்கிருந்து கேட்கிறது என்பது) மாறுகிறது.

டொராண்டோ: ஒழுங்காகச் செய்த ஆம்ப் எல்லாம் ஒரே சத்தம்தான் அண்ணா. மிச்சமெல்லாம் பில்லைப் பார்த்த பிறகு வருகிற பரவசம்.

அம்பத்தூர்: சாம்பாரில் நெய் விட்டால் சாம்பார் மாறாது என்பீர்களா?

மூன்று பேரும் ஒரே கேள்வியில் மூன்று கேள்வியை அடைத்திருக்கிறீர்கள். இது எனக்கும் பிடித்த சண்டை.

1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகையோடு ஒரு சவாலில் இறங்கினார். அவர்கள் மெச்சுகிற விலையுயர்ந்த வால்வு ஆம்பின் ஒலியைத் தன் மலிவான ட்ரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவருவதாகச் சொன்னார். இரண்டு ஆம்பின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சுகிற வித்தியாசம் தேய்ந்து போகும் வரை தன் ஆம்பைத் திருத்தினார். முடிவில் பத்திரிகைக்காரர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

இதை இரண்டு கட்சியும் தன் வெற்றி என்கிறது. எனக்குப் பட்டது இது: வித்தியாசம் நிஜமாகவே இருந்தது, இல்லாவிட்டால் திருத்த வேலையே இருந்திருக்காது. அது அளக்கக்கூடியதாக இருந்தது, அளந்ததை நகலெடுக்கவும் முடிந்தது. ஆகவே டொராண்டோ தம்பி, "எல்லாம் ஒன்று" என்பது அவுட்புட் இம்பிடன்ஸ் தாழ்வாகவும் டிஸ்டார்ஷன் குறைவாகவும் உள்ள இரண்டு ஆம்ப், பவர் தீராத அளவில் ஓடும்போதுதான் பொருந்தும். கொழும்பு நண்பரின் ஆம்ப் அப்படியா? கோலாலம்பூர் ஐயா, உங்கள் காது பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் கேட்டீர்களா?

கோலாலம்பூர்: காதாலேயே சரிசெய்து வைத்துத்தான் கேட்டேன்.

காது போதாது. அரை டெசிபெல் கூடினாலே அது "சத்தம் அதிகம்" என்று தெரியாது, "தெளிவு அதிகம்" என்று தெரியும். மல்டிமீட்டர் எடுங்கள். 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போதே இரண்டு ஆம்பின் ஏசி வோல்டேஜையும் ஒரு சதவீதத்துக்குள் பொருத்துங்கள். அது 0.1 டெசிபெல்லுக்குள் வரும். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் அங்கே நம்பும்படி காட்டாது. பிறகு வேறொருவர் மாற்றிவிட, நீங்கள் பார்க்காமல் சொல்லுங்கள். ஸ்விட்ச் பெட்டி வைத்து மாற்றினால் மறுபடியும் அதேதான்: பேலன்ஸ்டு ஆம்பை (மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடுவது) காமன் கிரவுண்ட் உள்ள பெட்டியில் மாட்டாதீர்கள், இரண்டு மைனஸும் சேர்ந்துவிடும்.

அம்பத்தூர்: அப்படிச் சோதித்தும் வால்வுதான் பிடித்தது என்றால்?

நெய் ருசிக்கிறது என்று அர்த்தம். விட்டுக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? நெய்தான் உண்மையான சாம்பார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

டொராண்டோ: அப்போ ஆயிரம் டாலர் ஆம்ப் வாங்குகிறவன் முட்டாளா?

நான் சொல்லவில்லை. 2011இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் ஒருவர் ஓ2 என்ற ஆம்பின் சர்க்யூட்டை முழுக்க வெளியிட்டார். அரை ஓம் அவுட்புட் இம்பிடன்ஸ். அதற்கு மேல் பெரும்பாலான ஹெட்ஃபோன்களுக்குக் காதால் கேட்கிற லாபம் குறைவு. மேலே தருகிற காசு பவருக்கும் இணைப்புகளுக்கும் மேஜையில் அழகாக இருப்பதற்கும். அழகுக்குக் காசு கொடுப்பது குற்றமா என்ன? இந்தச் சண்டை இத்தோடு போதும், கீழே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

நாகர்கோவில்: ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ்க்கு ஆம்ப் வேண்டுமா?

வேண்டாம்.

மதுரை: ஆண்ட்ரோமீடா இயர்ஃபோனை டெஸ்க்டாப் ஆம்பில் மாட்டினால் பாட்டு நின்ற பிறகும் "ஸ்ஸ்" என்று கேட்கிறது. டோனும் மாறின மாதிரி இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு வியாதி. அந்த இயர்ஃபோனின் சென்சிட்டிவிட்டி மிக அதிகம், ஆம்பின் இரைச்சலையே சத்தமாகக் காட்டிவிடும். கெயினை (சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) மிகத் தாழ்வில் வையுங்கள். டோன் மாறுவது இம்பிடன்ஸால். 12.8 ஓம், அதுவும் உள்ளே பல டிரைவர் (ஒலி எழுப்புகிற பாகம்) இருப்பதால் சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். எட்டில் ஒரு பங்கு என்றால் 1.6 ஓம். உங்கள் ஆம்ப் அதற்கு மேல் இருந்தால் டோன் மாறத்தான் செய்யும். நல்ல டாங்கிளுக்குத் திரும்புங்கள். பெரிய ஆம்ப் சின்ன இயர்ஃபோனுக்கு நல்லது செய்யும் என்ற கட்டாயம் இல்லை.

தஞ்சாவூர்: பேலன்ஸ்டு அவுட்புட்டில் ஒலி நன்றாக இருக்குமா?

வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை, கரண்ட் தாங்கினால் பவர் நான்கு மடங்கு வரை. 300 ஓமில் அது நிஜம். 20 ஓமில் கரண்ட் எல்லை முன்பே வந்து குறுக்கே நிற்கும். ஒலி "நன்றாக" இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆம்பின் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளையில் சாதாரண 6.35 ஜாக் ஹெட்ஃபோனைச் செருக அடாப்டர் விற்கிறார்கள், வாங்காதீர்கள். இரண்டு மைனஸ். மூன்றாவது முறை சொல்கிறேன்.

சிங்கப்பூர்: வெள்ளி கேபிள் போட்டால்...

அடுத்தது.

ஓசூர்: எந்தப் பாட்டுக்கும் வால்யூம் குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்டுவதே இல்லை. அப்படியானால் ஆம்புக்குப் பவர் நிறைய, சரிதானே? ஆம்ப் வேறு மாற்ற வேண்டுமா?

குமிழ் நிற்கும் இடம் பவரைச் சொல்லாது. கெயின் எவ்வளவு, குமிழுக்குள் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர் எப்படி ஏறும் என்பதைத்தான் சொல்லும். ஒன்பது மணியிலேயே காது வலித்தால் கெயினைக் குறையுங்கள். ஆம்ப் வேண்டுமா என்ற கேள்விக்கு மேலே சேலத்தையும் நாகர்கோவிலையும் பார்க்கவும்.

திருநெல்வேலி: மச்சான் அமெரிக்காவிலிருந்து ஆம்ப் வாங்கி வருகிறார். பின் அடாப்டர் மட்டும் மாற்றினால் போதுமா?

மச்சானை இப்போதே கூப்பிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்கிருந்து வரும் சின்ன ஆம்ப் பலவற்றுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர், அதிலிருந்து வருவது ஏசி. வெறும் பின்னை மாற்றிச் செருகினால் புகை வரும். சிசிடிவிக்குப் போடுகிற 12 வோல்ட் டிசி அடாப்டரும் ஆகாது. அடாப்டரின் முதுகில் இன்புட் 100-240 என்று போட்டிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் அதே ஏசி அவுட்புட் உள்ள 230 வோல்ட் அடாப்டரைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள், அல்லது போதிய வாட் உள்ள ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

வேலூர்: லேப்டாப் சார்ஜரை மாட்டினால் ஆம்பில் "ம்ம்ம்" என்று இரைகிறது. மூன்றாவது பின்னை ஒடித்தால் போய்விடும் என்றார்கள்.

ஒடிக்காதீர்கள், அது உயிர் காக்கிற பின். முதலில் சார்ஜரைக் கழற்றி இரைச்சல் போகிறதா பாருங்கள். போனால், லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் இருந்தால் யூஎஸ்பி ஐசொலேட்டர் (இரண்டுக்கும் நடுவே மின் தொடர்பைப் பிரித்து வைக்கிற சின்னக் கருவி). வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது ஹெட்ஃபோனுக்காக மட்டும் இல்லை.

ஈரோடு: ஸ்டாக்ஸ் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனை என் ஆம்பில் மாட்ட அடாப்டர் கிடைக்குமா?

வெறும் அடாப்டரால் ஆகாது, தேடவும் வேண்டாம். அதற்கு 580 வோல்ட் பயஸ், அதாவது எப்போதும் நிற்கிற டிசி வோல்டேஜ், வேண்டும் (பழைய மாடல்களுக்கு 230), சிக்னலும் நூற்றுக்கணக்கான வோல்ட். அதற்கென்று தனி டிரைவர் யூனிட் இருக்கிறது, பழையதை வாங்கினால் எந்த பயஸ் என்று பார்த்து ஹெட்ஃபோனோடு சேர்த்தே வாங்குங்கள்.