நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடணுமா?
சகோதரி, மேலூர்ல தெருநாய் உங்க மகன் கெண்டைக்கால்ல கடிச்சு ரத்தம் வந்துச்சு, நேத்து கையில முதல் ஊசி போட்டாச்சு, "தொப்புளைச் சுத்தி 14 போட்டாத்தான் ஆகும்"னு அவனோட அப்பத்தா அழுறாங்கன்னு எழுதியிருக்கீங்க.

அப்பத்தா சொல்றது பொய்யில்ல. அவங்க காலத்து வைத்தியம் அதுதான். 1911-ல இமாசலத்துக் கசௌலியில டேவிட் செம்பிள்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் உருவாக்கின மருந்து. செம்மறியாட்டு மூளையில ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால கொன்னு எடுப்பாங்க. வீரியம் கம்மி, அதனாலதான் அத்தனை ஊசி. மூளைத் திசு கலந்திருந்ததால சிலருக்குக் கை கால் விழுந்துபோன கொடுமையும் நடந்துச்சு. 2005-க்கு அப்புறம் இந்தியாவில அது கிடையாது. இப்போ செல்கள்ல வளர்த்துச் சுத்தம் பண்ணின மருந்து. தோலுக்குள்ள, ரெண்டு கையிலயும் 0.1 மில்லி, 0, 3, 7, 28-ஆம் நாள் (முதல் ஊசி போட்ட நாள்தான் 0). அது போதும்.

என் கவலை வேற. ரத்தம் வந்த கடின்னா காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை உடனே எதிர்க்கிற தயார் எதிர்ப்பொருள், ஊசியாப் போடணும். நீங்க அதைப் பத்தி எழுதவே இல்ல. தடுப்பூசி வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் காப்பாத்துறது இதுதான். முதல் ஊசியில இருந்து 7 நாளுக்குள்ள போடலாம். நாளைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்க. காயத்துல மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்க விடாதீங்க.