ஒன்பது சுற்றும் ஒரு பேனாவும்

ஆசிய மகளிர் செஸ் சாம்பியன்ஷிப் பற்றி நிறையக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ் பகுதி முழுக்க அதற்கே. பல வருடம் ஆடியவள் நான். இப்போது நடுவராகப் போர்டுகளுக்கு இடையே நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் மாதிரி எட்டுப் பேரை மட்டும் வைத்து நடத்தும் போட்டியா இது? என் தங்கையின் ரேட்டிங், அதாவது ஆட்டத்திறன் எண், 1900தான். அவளுக்கெல்லாம் இடம் உண்டா? – கல்லூரி மாணவர் ஒருவர்

இல்லை தம்பி. இது தோற்றவரும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடும் சுவிஸ் முறையில் நடக்கிற போட்டி, வழக்கமாக ஒன்பது சுற்று. ஆசிய நாட்டு வீராங்கனை, தன் நாட்டு சம்மேளனம் வழியாகப் பெயர் கொடுத்து ஆடலாம். முதல் சுற்றில் பட்டியலின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் பேரிங் விழும், அதாவது யாரோடு யார் என்று ஜோடி சேர்ப்பார்கள். அடுத்த சுற்றிலிருந்து ஒரே புள்ளியில் நிற்பவர்கள் மோதிக்கொள்வார்கள். உங்கள் தங்கைக்கு முதல் நாளே கிராண்ட்மாஸ்டர் எதிரே வந்து உட்காரலாம். அந்த நான்கு மணி நேரம் வேறு எந்தப் பயிற்சியிலும் கிடைக்காது. பயப்படாமல் அனுப்புங்கள்.

இந்தப் போட்டி எனக்கு இவ்வளவு நெருக்கமானதாக இருப்பதற்கும் அதுதான் காரணம். இங்கே அழைப்பிதழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆடித்தான் மேலே வர வேண்டும்.

கேள்வி: நம் பெண்கள் இதுவரை எத்தனை முறை ஜெயித்திருக்கிறார்கள்? – ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

ஐயா, எண்ணிக்கையை விடப் பெயர்களைச் சொல்லவே எனக்குப் பிடிக்கும். எல்லாரையும் அல்ல, சிலரைச் சொல்கிறேன். 1981இல் ஹைதராபாத்தில் ரோகிணி காடில்கர் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 12க்கு 11.5 புள்ளி எடுத்தார். 1983இல் கோலாலம்பூரிலும் அவரே. 1991இல் பாக்யஸ்ரீ திப்சே, 2003இல் கோனேரு ஹம்பி, 2007இல் டெஹ்ரானில் தானியா சச்தேவ், 2011இல் ஹரிகா துரோணவல்லி, 2016இல் தாஷ்கண்டில் பக்தி குல்கர்னி, 2018இல் மணிலாவில் பத்மினி ராவுத். பிறகு 2022இல் புதுடெல்லியில் நம் தமிழ்நாட்டின் பி.வி. நந்திதா. அதே போட்டியின் பொதுப் பிரிவில் பிரக்ஞானந்தா ஜெயித்தார். அந்த வருடம் ஆசியாவின் இரண்டு பட்டமும் தமிழ்நாட்டுக்கே வந்தன. செய்தி வந்த அன்று பிரக்ஞானந்தா பெயரைச் சொன்னவர்கள் அதிகம், நந்திதா பெயரைச் சொன்னவர்கள் குறைவு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. 2023இல் அல்மாட்டியில் திவ்யா தேஷ்முக் ஜெயித்தார்.

கேள்வி: செஸ்ஸில் உடல் பலத்துக்கு வேலையே இல்லை. அப்புறம் பெண்களுக்கு எதற்குத் தனிப் போட்டி? அது அவர்களைக் குறைத்துக் காட்டுவது ஆகாதா? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

நியாயமான கேள்வி அம்மா. நான் ஆட ஆரம்பித்த காலத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எனக்குள்ளேயே பதில் இரண்டு மூன்று முறை மாறியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் போட்டி என்று சட்டப்படி இப்போது எதுவும் இல்லை. அது பொதுப் பிரிவு, யாரும் ஆடலாம். அந்தக் கதவு சும்மா திறந்துவிடவில்லை. 1976இல் ரோகிணி காடில்கர் 13 வயதில் இந்திய ஆண்கள் சாம்பியன்ஷிப்பில் ஆட உட்கார்ந்தார். எதிர்ப்புக் கிளம்பி விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அப்போது உலகச் செஸ் சம்மேளனத் தலைவராக இருந்த மாக்ஸ் யூவே, பெண்களைத் தேசியப் போட்டியிலோ சர்வதேசப் போட்டியிலோ தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார். அதே ரோகிணிதான் ஐந்து வருடம் கழித்து ஆசிய மகளிர் பட்டத்தையும் வென்றார். ஒன்றை ஆடினால் இன்னொன்றை விட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

ஹங்கேரி வீராங்கனை ஜூடித் போல்கர் வேறு வழியில் போனார். பெண்கள் உலக சாம்பியன்ஷிப் பக்கமே வராமல் 2005இல் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை ஏறினார். அதுவும் உண்மை. அவரைக் காட்டி, எல்லாப் பெண்களும் அப்படியே செய்யட்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு வார இறுதிப் போட்டிக்கு வந்து ஹாலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

நான் பார்க்கிற காட்சியைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பிரிவில் பெண் குழந்தைகள் நிறைய இருப்பார்கள். பதினான்கு வயதுக்கு வரும்போது ஒரு வரிசையில் இருபது போர்டு போட்டிருந்தால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். சுற்று முடிந்ததும் பையன்கள் கும்பலாக வெளியே நின்று ஆட்டத்தை அலசுவார்கள், அவள் அம்மாவிடம் போய் நிற்பாள். அவளுக்கும் சொல்ல எவ்வளவோ இருக்கும், கேட்க ஆள் இருக்காது. அப்படி நின்ற சில பேர் அடுத்த வருடம் வரவே இல்லை. ஆட்டம் வராததால் அவர்கள் போகவில்லை, துணை இல்லாமல் போனார்கள். மகளிர் போட்டியில் அதே பெண் இரண்டு பக்கமும் தன்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகும் எதிராளியோடு காய்களை மறுபடி அடுக்கி, "இங்கே யானையை ஏன் திருப்பினே?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தத்துக்காகவே இந்தப் போட்டிகள் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் வருடம் முழுக்க மகளிர் போட்டி மட்டுமே ஆடுவதை நான் ஏற்க மாட்டேன். இரண்டும் ஆட வேண்டும். என்னிடம் வரும் பெண்களுக்கு அப்படித்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளும் இன்னொரு பெண்ணும் சமமாக 6 புள்ளி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் இடம், என் மகளுக்கு ஒன்பதாம் இடம். ஓரவஞ்சனை இல்லையா? – ஒரு தந்தை

ஓரவஞ்சனை இல்லை சார், கணக்கு. புக்கோல்ஸ் என்று ஒன்று உண்டு. உங்கள் மகளோடு ஆடிய எதிராளிகள் எல்லாரும் போட்டி முடிவில் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் அதில் மிகக் குறைவாக எடுத்த ஒருவரை விட்டுவிடுவார்கள். கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவர் மேலே.

உங்கள் மகள் முதல் சுற்றில் தோற்றாளா? அப்படியானால் இரண்டாம் சுற்றில் இன்னொரு தோற்றவளோடு ஆடியிருப்பாள். கீழிருந்து ஏறி வந்ததால் எதிராளிகளின் புள்ளியும் குறைவாகவே இருக்கும். மற்றப் பெண் முதலில் ஜெயித்து, மேல் போர்டுகளில் பலமானவர்களோடு மோதி, கடைசியில் தோற்றிருப்பாள். 6 என்பது ஒன்றுதான், நடந்து வந்த பாதை வேறு. மகளிடம் இதைக் கோபமில்லாமல் விளக்குங்கள். அவள் முன்னால் நடுவரோடு சண்டை போடாதீர்கள்.

கேள்வி: ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்கிறார்கள். நான் கேட்டபோது நடுவர் மறுத்துவிட்டார். ஏன்? – பத்தாம் வகுப்பு மாணவி

கண்ணா, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் பழைய ஆட்டம் ஒன்று ஞாபகம் வந்தது. காயைத் தொட்ட பிறகு கேட்டாயா?

நான் அப்படித்தான் கேட்டேன். ஆளுக்கு ஒரு யானை, எதிராளிக்கு ஒரு சிப்பாய் அதிகம். மூன்று மணி நேரமாகத் தாக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் யானையை மறுபடி அதே கட்டத்துக்குக் கொண்டுபோனால் மூன்றாவது முறை அதே நிலை வரும். கையில் பேனா இருந்தது, ஆனால் மனசு முழுக்க அரைப் புள்ளியில். யானையை நகர்த்தினேன், கடிகாரத்தை அழுத்தினேன், அதற்குப் பிறகு கையைத் தூக்கினேன். நடுவர் வந்து, நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், "நகர்த்திட்டீங்களே அம்மா, இப்போ அவங்க முறை" என்றார். எதிராளி கேட்கவில்லை, அவர் ஏன் கேட்பார்? ராஜாவை வேறு வழியில் கொண்டுவந்து இருபது நகர்த்தலில் என்னை முடித்துவிட்டார். அந்த நடுவர் சொன்னது முழுக்கச் சரி.

முறை இதுதான். உன் நகர்த்தலால் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால் அதை முதலில் தாளில் எழுது. காயைத் தொடாதே. கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டு, இதை ஆடப்போகிறேன், டிரா கோருகிறேன் என்று சொல். எதிராளியின் நகர்த்தலாலேயே மூன்றாவது முறை வந்துவிட்டது என்றால் எழுத வேண்டியதில்லை, உன் முறை வந்தவுடன் எதையும் தொடாமல் அப்படியே கேள். நிலை என்றால் காய்கள் மட்டும் அல்ல. நகர்த்தும் முறையும் அதே ஆளுடையதாக இருக்க வேண்டும், காசலிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றுவது) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. உன் கோரிக்கை தவறு என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் சேரும், நீ எழுதியதையே ஆடியாக வேண்டும். அதனால் கேட்கும் முன் தாளை ஒருமுறை பின்னோக்கிப் படி. ஐந்து முறை வந்துவிட்டால் யாரும் கேட்க வேண்டாம், நடுவரே டிரா என்று முடித்துவிடுவார்.

கேள்வி: ரஷ்ய வீராங்கனைகளும் இப்போது ஆசியப் போட்டியில் ஆடலாமாமே? – ஒரு வாசகர்

ஆமாம். ரஷ்யச் சம்மேளனம் 2023இல் ஐரோப்பாவை விட்டு ஆசியச் சம்மேளனத்தில் சேர்ந்தது. ஏற்கெனவே சீனா, இந்தியா, கஜகஸ்தான், வியட்நாம், இரான் எல்லாம் இங்கேதான். பட்டம் இன்னும் கடினமாகிவிட்டது, எனக்கு அதில் சந்தோஷமே.

கேள்வி: முக்காடு போடச் சொன்னதால் ஒரு வீராங்கனை விலகினாரே, அவர் செய்தது சரியா? – இல்லத்தரசி ஒருவர்

நீங்கள் சொல்வது சௌமியா சுவாமிநாதன். 2018இல் இரானில் நடந்த ஆசிய அணிப் போட்டியிலிருந்து அந்தக் காரணத்துக்காக விலகினார். அவர் செய்தது சரி. அதே இரானில் போய் ஆடி ஜெயித்த நம் பெண்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இதில் நான் அதிகம் நினைப்பது மித்ரா ஹெஜாசிபூரை. இரான் பெண். 2015இல் ஆசிய மகளிர் பட்டம் அவருடையது. 2019 டிசம்பரில் மாஸ்கோவில் குறைந்த நேர ஆட்டங்களான ரேபிட், பிளிட்ஸ் உலகப் போட்டியில் முக்காடு இல்லாமல் உட்கார்ந்தார். நாட்டு அணியிலிருந்து நீக்கினார்கள். பிறகு பிரான்சுக்காக ஆடி 2023இல் அந்த நாட்டு மகளிர் சாம்பியன் ஆனார். நாம் தள்ளி நின்று சரியா தவறா என்று பேசுகிறோம். அவர் அதற்காகத் தன் நாட்டுக் கொடியையே இழந்தார்.

கேள்வி: ஆசியப் பட்டம் வாங்கினால் அடுத்து என்ன? – ஏழாம் வகுப்பு மாணவி

மகளிர் உலகக் கோப்பைக்குக் கதவு திறக்கும் மகளே. அங்கே முதல் மூன்று இடம் பிடித்தால் கேண்டிடேட்ஸ். கேண்டிடேட்ஸில் ஜெயித்தால் உலக சாம்பியனோடு மோதல். அல்மாட்டியில் ஆசியப் பட்டம் வாங்கிய திவ்யா, 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பட்டூமியில் ஹம்பியை இறுதியில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கினார், அதோடு கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு 19 வயது.

கேள்வி: மகளுக்குக் கடைசிச் சுற்று என்றாலே கை நடுங்குகிறது. முந்தின சுற்றுவரை நன்றாக ஆடுகிறாள். என்ன செய்வது? – ஒரு தாய்

கடைசிச் சுற்று பெரும்பாலும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆரம்பிக்கும், முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள். எட்டு நாள் மதியம் ஆடிய உடம்பு திடீரென்று காலையில் ஆட வேண்டும். நடுக்கத்தில் பாதி அதனால்தான் வருகிறது. ஏழாம் சுற்றிலிருந்தே அவளைச் சீக்கிரம் எழுப்பிப் பழக்குங்கள்.

முந்தின இரவு பேரிங் வந்ததும் புது ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) எதையும் திறக்க விடாதீர்கள். தெரிந்ததை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும், போதும். எத்தனை புள்ளி எடுத்தால் எந்த இடம் என்று அவள் காதுபட யாரும் கணக்குப் போட வேண்டாம். கைப்பேசியும் ஸ்மார்ட் வாட்ச்சும் உங்களிடமே இருக்கட்டும். ஹாலுக்குள் அவளிடம் கண்டுபிடித்தால் ஆட்டமே போய்விடும். பத்து நிமிடம் முன்னால் உட்கார்ந்து, தாளில் தன் பெயர், எதிராளி பெயர், சுற்று எண் என்று நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிப்பதற்குள் கை அடங்கிவிடும், பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பேனாவையும் கொடுத்து அனுப்புங்கள். போன தடவை ஒரு பெண்ணுக்கு முப்பதாவது நகர்த்தலில் மை தீர்ந்துபோய், நான் என் பேனாவைக் கொடுத்தேன்.