சத்து மாத்திரையும் இரத்தக் கொழுப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 52. அண்மையில் எடுத்த பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 168, இரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240 என்று வந்ததால் மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். துத்தநாகம், மக்னீசியம், வைட்டமின் ஈ சேர்ந்த சத்து மாத்திரையை நாள்தோறும் எடுத்துக்கொண்டால் ஸ்டாட்டினே தேவைப்படாது என்கிறார் நண்பர். அவர் சொல்வதைக் கேட்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: தயவுசெய்து கேட்க வேண்டாம். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு கோட்பாடும் உண்டு. இரத்தக் குழாயின் சுவருக்குள் நுழையும் எல்.டி.எல். துகள்கள் அங்கே ஆக்ஸிஜனேற்றம் அடையும்போதுதான் கொழுப்புப் படிவு விரைவுபடுகிறது என்பதால், அதைத் தடுக்கும் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களை மாத்திரையாகக் கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று ஆய்வாளர்களே ஒரு காலத்தில் உறுதியாக எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பைப் பிரிட்டனில் 20,536 பேரிடம் சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். வைட்டமின் ஈ 600 மி.கி., வைட்டமின் சி 250 மி.கி., பீட்டா கரோட்டின் 20 மி.கி. என நாள்தோறும் 5 ஆண்டுகள் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ குறையவில்லை. அதே ஆய்வில், அதே மக்களிடம், ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்தது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது.

துத்தநாகத்தைப் பற்றிக் கூடுதலாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1980இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடல்நலமுள்ள 12 ஆண்களுக்கு 5 வாரம் நாளொன்றுக்கு 440 மி.கி. துத்தநாக சல்பேட் கொடுத்தபோது, நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல். 25 சதவீதம் சரிந்தது. அளவுக்கு மீறிய துத்தநாகம் குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். குடல் செல்கள் தாமிரத்தைத் தமக்குள்ளேயே பிடித்துவைத்து, உதிரும்போது அதையும் சேர்த்துக் கழித்துவிடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆண்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 17 மி.கி. துத்தநாகம்தான். பயறு, கொட்டை, முட்டை, இறைச்சி வழியே வரும் துத்தநாகம் இத்தகைய தொல்லை தருவதில்லை.

மக்னீசியம் கொழுப்பு வளர்சிதை மாற்றத்தில் பங்குள்ள தாது என்பது உண்மை. ஆனால் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கொழுப்பில் ஏற்பட்ட மாற்றம் சிறியது, ஒரே சீரானதும் அல்ல. அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கோ அது இரத்தத்தில் தேங்கி ஆபத்தாகும்.

இதே மக்னீசியம் கேழ்வரகு, எள், கொள்ளு, முழுப்பயறு ஆகியவற்றில் நார்ச்சத்தோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. அவை செரிமானத்துக்கு உதவிய பிறகு சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுவிடும். கரையும் நார்ச்சத்து அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும்போது, அந்த இழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய நார்ச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். ஆகவே குடலும் இரத்தக் கொழுப்பும் வெவ்வேறு கவலைகள் அல்ல. ஸ்டாட்டினைத் தொடருங்கள், உணவை அதற்குத் துணையாக்குங்கள். 240 என்ற உங்கள் ட்ரைகிளிசரைடு அளவு பெரும்பாலும் சர்க்கரை, தீட்டிய அரிசி, மது ஆகியவற்றைக் குறைத்தால் இறங்கக்கூடியது. நீரிழிவும் தைராய்டும் பார்க்கப்படவில்லையென்றால் அவற்றையும் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வாட்டுகின்றன. இரும்பு குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும் என்று படித்ததிலிருந்து நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்திவிடாதீர்கள், அம்மா. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அரைகுறையாக விடப்படும் சிகிச்சையும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

நீங்கள் படித்ததில் உண்மையும் இருக்கிறது. மாத்திரையிலுள்ள இரும்பில் சிறு பங்கே உறிஞ்சப்படுகிறது; மீதி பெருங்குடலுக்குப் போய், இரும்பை விரும்பும் தீய பாக்டீரியாக்கள் பெருக இடம் கொடுக்கிறது. கென்யாவில் கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் இந்த மாற்றம் தெளிவாகவே தெரிந்தது. அதற்கு வழி மாத்திரையைக் கைவிடுவது அல்ல, உறிஞ்சப்படும் பங்கைக் கூட்டுவது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் சுமார் ஒரு நாளுக்கு உயர்ந்து, அடுத்த வேளை இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. இதனால், இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், நாள்தோறும் எடுத்தவர்கள் 16.3 சதவீதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தவர்கள் 21.8 சதவீதமும் உறிஞ்சினார்கள். இம்முறை உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் நீங்களாக எதையும் மாற்றக் கூடாது. காபியும் தேநீரும் இரும்பைத் தடுக்கும் என்பதால், மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தள்ளிவையுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு; தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் மட்டும் இரத்தக்கசிவா என்று உடனே பார்க்க வேண்டும்.

கேள்வி: கொழுப்பு குறைய நெல்லிக்காய்ச் சாறு நல்லதா, தேன் நெல்லி நல்லதா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டையும் விட முழுக்காய் நல்லது. நெல்லி கொழுப்பைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன; மருந்தை மாற்றும் அளவுக்கு அவை போதா. நெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்களில் பெரும்பகுதி செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே உடலுக்குள் சேர்கிறது. வடிகட்டிய சாற்றில் அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார் கிடைக்காது. தேன் நெல்லியில் ஊறியிருக்கும் சர்க்கரையோ ட்ரைகிளிசரைடை ஏற்றக்கூடியது. நாளுக்கு ஒரு காயை உப்பில்லாமல் மென்று தின்னுங்கள், அல்லது துவையலாக அரைத்துக்கொள்ளுங்கள்.